தனித்தனி விளக்கு, தனித்தனி சுவிட்சு

ஒரு சுவிட்சைத் தட்டினால் அதற்குரிய விளக்கு எரிய வேண்டும். மீண்டும் தட்டினால் அணைய வேண்டும். மற்ற விளக்குகளுக்கு அச்செய்தி தெரியவே கூடாது. மின்விளக்கிடம் நாம் எதிர்பார்ப்பது இவ்வளவே. ஆயினும் இச்சிறு எதிர்பார்ப்பும் நிறைவேறாத வீடுகள் பல உள்ளன. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைப்புற ஊர்களில் என் தாய்மாமா உரிமம் பெற்ற வயர்மேனாகப் பணியாற்றுகிறார். விடுமுறை நாட்களில் அவருக்கு உதவியாளாகச் செல்லும்போது நான் கண்டவை இவை: கூடத்து விளக்கு எரிந்தால்தான் திண்ணை விளக்கு எரியும் வீடு, அடுக்களைக்கும் குளியலறைக்கும் சேர்த்து ஒரே சுவிட்சு உள்ள வீடு, தம்பி வீட்டு விளக்கு அண்ணன் வீட்டு மெயினுக்குக் கட்டுப்பட்ட வீடு. இவற்றைப் பிரித்துத் தனித்தனியாக்குவது எப்படி, அதில் எங்கே ஆபத்து இருக்கிறது என்பதைக் கூறுவதே என் நோக்கம். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மின்சாரம் வந்து சேரும் வழியைத் தனியாக்கினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். போதாது, திரும்பிப் போகும் வழியும் ஒழுங்காதல் வேண்டும். அதை மறந்தால், இடைஞ்சலாக மட்டும் இருந்தது உயிராபத்தாக மாறிவிடும்.

இக்கோளாறுகள் ஏன் தோன்றின? வீடு ஒரே நாளில் கட்டப்படுவதில்லை, வயரிங்கும் அப்படியே. திருவனந்தபுரம் நகரில் 1929ஆம் ஆண்டில் மின்விளக்கு எரியத் தொடங்கிற்று. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் திருவிதாங்கூரின் ஊர்களுக்கு மின்கம்பிகள் படிப்படியாகப் பரவின. நான் பார்த்த பழைய வீடுகளில் முதலில் போட்ட வயரிங் தேக்குச் சட்டத்தின்மேல் கிளிப் அடித்துச் செல்வது. பெரும்பாலும் கூடத்துக்கு ஒன்று, நடுவறைக்கு ஒன்று என இரண்டு மூன்று விளக்குகளே. பிறகு அடுக்களைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, மாட்டுத் தொழுத்துக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். சேர்க்கும்போதெல்லாம் மெயின் போர்டிலிருந்து புதிய கம்பி இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அருகில் எந்த விளக்கு இருந்ததோ, அதன் ஹோல்டரிலிருந்தே கம்பியை எடுத்துவிட்டார்கள். தொழுத்து விளக்கு நடுவறை விளக்கின் சொற்படி நடப்பதற்கு இதுவே காரணம்.

இதனினும் சிக்கலானது பாகப்பிரிவினை. எங்கள் பக்கத்தவர்க்குப் பிரிவினை புதிதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மறு ஆண்டே இரு மாநிலங்களுக்கும் தனித்தனி மின்வாரியங்கள் அமைந்தன: கேரளத்துக்கு 1957 மார்ச் 31இல், சென்னைக்கு அதே ஆண்டு ஜூலை 1இல். இன்றும் இஞ்சிவிளையில் இருப்பவர் மின்கட்டணம் கட்டுவது ஒரு நிறுவனத்துக்கு. கூப்பிடு தொலைவில் களியக்காவிளையில் இருக்கும் அவர் மைத்துனர் கட்டுவது வேறு நிறுவனத்துக்கு. மாநிலத்தைப் பிரித்தவர்கள் கணக்கையும் பிரித்தார்கள். வீட்டைப் பிரித்தவர்களோ நடுவே சுவரை எழுப்பினார்கள், இரண்டாவது மீட்டரும் வாங்கினார்கள். மச்சின்மேல் ஓடும் கம்பியை மறந்துவிட்டார்கள்.

விளக்கத்துக்குள் புகுமுன் சொற்களைப்பற்றி ஒரு சொல். மின்னோட்டம், மின்னழுத்தம், தடை, தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்பன நமக்குப் பழகிய நல்ல தமிழ்ச் சொற்கள், அவற்றையே ஆள்கிறேன். ஆனால் ‘பேஸ்’, ‘நியூட்ரல்’, ‘எர்த்து’ என்னும் மூன்றையும் அப்படியே விட்டுவிடுகிறேன். எல்லையின் இருபுறத்தும் ஏணிமேல் நிற்பவரும் கீழே நிற்பவரும் இச்சொற்களைத்தான் கூறுகின்றனர். ஏணிமேல் நிற்பவரிடம் அவர் கேட்டிராத கலைச்சொல்லைக் கூறி, அவர் வேறொரு கம்பியைத் தொட்டுவிடுவாராயின், அத்தகைய தமிழ்த்தொண்டு வேண்டா என்பது என் கருத்து.

இனி அடிப்படை. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்டு மாறு மின்னோட்டம். பேஸ் கம்பி வழியே விளக்கை அடைந்து, நியூட்ரல் கம்பி வழியே திரும்பிச் சுற்று முடிகிறது என்று கொள்வோம். சுவிட்சு என்பது பேஸ் வழியில் வைத்த கதவு. விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் தொடரிணைப்பு. ஒவ்வொன்றையும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே தனித்தனியாக வைத்தால் பக்க இணைப்பு. தனித்தனியாக எரியவும் அணையவும் வேண்டுமெனில் பக்க இணைப்பே வழி.

இன்று இது எளிதாகத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் இதுவே பெரும் புதிராக இருந்தது. 1879 ஏப்ரலில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரச் சதுக்கத்தில் சார்லஸ் பிரஷ் என்பவர் ஏற்றிய 12 வில்விளக்குகள் தொடரிணைப்பில் எரிந்தவை. தெருவுக்கு அது போதும். எல்லாம் சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். ஒவ்வோர் அறையிலும் வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது அணைக்கும் வீட்டுக்கு அது உதவாது. மின்னொளியைச் சிறு சிறு பங்காகப் பிரிக்க இயலாது என்று அக்காலப் பொறிஞர் சிலர் உறுதியாக நம்பினர். எடிசன் தடை மிகுந்த மெல்லிய இழையைக் கொண்டு விளக்குச் செய்து, அவற்றைப் பக்க இணைப்பில் வைத்தார். 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெரு நிலையத்திலிருந்து அவ்வகை விளக்குகளுக்கு மின்சாரம் பாய்ந்தது. எடிசன் என்றால் குமிழ் விளக்கை மட்டும் நினைக்கிறோம். ஓர் அறையின் இருட்டு மற்றோர் அறையைத் தொடாமல் செய்ததும் அவர் பணியில் பெரும்பகுதியே.

தொடரிணைப்பில் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட்டில் 60 வாட்டு இழைவிளக்கின் தடை ஏறக்குறைய 882 ஓம். 100 வாட்டு விளக்கினது 529 ஓம். இரண்டையும் தொடரில் வைத்தால் மொத்தத் தடை 1,411 ஓம்; மின்னோட்டம் 0.163 ஆம்பியர். அப்போது 60 வாட்டு விளக்குக்குக் கிடைப்பது சுமார் 144 வோல்ட்டு. 100 வாட்டு விளக்குக்கு 86 வோல்ட்டுதான். ஆகவே சிறிய விளக்கு பெரியதைவிடப் பிரகாசமாக எரியும்! இழையின் தடை வெப்பத்தோடு மாறுமாதலால் எண்கள் சற்றே வேறுபடும், முறை மாறாது. இரண்டு இழைவிளக்குகள் மங்கி, சிறியது பெரியதை வென்று எரிவதைக் கண்டால், அவை தொடரில் மாட்டிக்கொண்டன என்று ஐயமின்றிக் கூறலாம். எனினும் வீடுகளில் இக்கோளாறு அரிது.

அடிக்கடி காண்பது வேறு. கூடத்துச் சுவிட்சிலிருந்து கூடத்து விளக்குக்குச் செல்லும் கம்பியில், அச்சுவிட்சு போட்டிருக்கும்போது மட்டுமே பேஸ் இருக்கும். திண்ணைச் சுவிட்சுக்கு வேண்டிய பேஸை அக்கம்பியிலிருந்து எடுத்துவிட்டால், கூடம் இருண்டபோது திண்ணைச் சுவிட்சில் தட்டி என்ன பயன்? கதவுக்குப் பின்னால் மற்றொரு கதவு. மருந்து எளிது: திண்ணைச் சுவிட்சின் பேஸைக் கூடத்து விளக்கிலிருந்து கழற்றி, போர்டில் எப்போதும் உயிரோடிருக்கும் பேஸில் சேர்க்க வேண்டும். ஒரே போர்டில் பல சுவிட்சுகள் இருந்தால் ஒன்றன் பேஸ் முனையிலிருந்து அடுத்ததன் பேஸ் முனைக்குச் சிறு கம்பியால் ‘லூப்’ போட்டுச் செல்வர். லூப் செல்ல வேண்டியது பேஸ் முனைக்குப் பேஸ் முனை. விளக்குக்குப் போகும் முனையிலிருந்து அன்று. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கோளாறு நீங்கும்.

ஒரே சுவிட்சில் இரண்டு விளக்குகள் எரிவது இரண்டாம் வகை. இங்கே சுவிட்சிலிருந்து செல்லும் கம்பி வழியில் இரண்டாகக் கிளைத்திருக்கும். சுவிட்சை மட்டும் கூட்டி வைத்தால் போதாது. கிளைத்த இடத்தில் பிரித்து, இரண்டாம் விளக்குக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். எத்தனை கம்பி வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. நான்கு விளக்குகளுக்கு நான்கு சுவிட்சுகள் எனில், போர்டுக்கு வருவது ஒரு பேஸ். போர்டிலிருந்து செல்வன நான்கு சுவிட்சுக் கம்பிகள். விளக்குகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு நியூட்ரல். ஆறு கம்பிகளில் வேலை முடிகிறது, எர்த்து தனி. மச்சிலே எண்ணிப் பார்த்து ஐந்தே இருந்தால், யாரோ இருவர் ஒரு கம்பியைப் பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பது தெளிவு. குழாயில் இடம் இருந்தால் பழைய கம்பியின் நுனியில் புதிய கம்பியைக் கட்டி இழுத்துவிடலாம். தேக்குச் சட்டத்து ரப்பர் உறைக் கம்பியானால் அதைத் தொடாமல், புதிய பி.வி.சி. குழாயில் முழுவதும் புதிதாகப் போடுவதே மேல். அவ்வுறை வளைத்தவுடன் பொடிப்பொடியாக உதிர்வதை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, சுவிட்சை நியூட்ரலில் வைத்துவிடுவது. விளக்கு எரியும், அணையும். எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் 230 வோல்ட்டும் காத்திருக்கும். நாற்காலிமேல் ஏறிப் பல்பு மாற்றுகிறவர், ‘சுவிட்சை அணைத்துவிட்டேனே’ என்ற நம்பிக்கையில் கைவைப்பார். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு இதனைக் காட்டிக்கொடுப்பதுண்டு: சுவிட்சை அணைத்த பின்னும் இரவில் மினுக்மினுக்கென்று மங்கலாக ஒளிரும். பல மீட்டர் தூரம் அருகருகே செல்லும் கம்பிகளுக்கிடையே கசியும் சிறு மின்னோட்டத்தாலும் அவ்வாறு நேரலாம். ஆதலின் மினுக்கத்தைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறாமல், பேஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இனி, பாகம் பிரிந்த வீட்டுக்கு வருவோம். பாறசாலைக்கு மேற்கே அப்படி ஒரு வீடு. வடபாதி மூத்தவருக்கு, தென்பாதி இளையவருக்கு, இரண்டு மீட்டர். இடையில் உள்ள சிற்றறை தென்பாதியைச் சேர்ந்தது. அதில் அவர்களுடைய தாயார் இருக்கிறார். அவ்வறை விளக்குக்கு வேண்டிய பேஸ், பிரிவினைக்கு முன்போலவே, வடபாதிக் கூடத்து விளக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. “மூத்தவன் படுத்தா எனக்கும் இருட்டு, மக்களே” என்று அந்த அம்மை கூறினார். இரவில் எழுந்து மாத்திரை தேடுவதற்கும் சுவருக்கு அப்பால் உள்ள மகனை எழுப்ப வேண்டியிருந்தது. அண்ணன் தம்பியிடையே பேச்சு குறைந்திருந்த காலம் அது. ஆகவே முன்னர் ஒருவரை அழைத்து விளக்கைத் தனியாக்கச் சொல்லியிருக்கின்றனர். அவர் வடபாதிப் பேஸை வெட்டிவிட்டுத் தென்பாதிப் போர்டிலிருந்து பேஸ் கொடுத்தார். விளக்கு அம்மையின் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டது. எல்லோருக்கும் நிறைவு.

அன்றிலிருந்து வடபாதியில் புதிய தொல்லை. அங்கே கசிவு மின்னோட்டத்தைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி இருந்தது. அது காரணமின்றி விழத் தொடங்கியது. மாவரைக்கும் எந்திரத்தைக் குறை கூறினார்கள். இஸ்திரிப் பெட்டியைக் குறை கூறினார்கள். ஐப்பசி இடியையும் குறை கூறினார்கள். முடிவில் அக்கருவியையே கழற்றி வைத்துவிட்டு, மெயின் சுவிட்சோடு நேராக இணைத்துக்கொண்டார்கள். காவல்காரன் குரைக்கிறான் என்று அவனை வீட்டைவிட்டு அனுப்பியது போன்றது அது. நாங்கள் சென்றது அதன் பிறகு.

மாமா வடபாதி மெயினை இறக்கிவிட்டு, மச்சின்மேல் உள்ள இணைப்புப் பெட்டியைத் திறந்து, கறுப்புக் கம்பியில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது! மெயின் இறங்கிய வீட்டில், நியூட்ரல் என்று நம்பும் கறுப்புக் கம்பியில் உயிர். அதே நேரத்தில் சுவருக்கு அப்பால், “விளக்கு போயிட்டு” என்று அம்மையின் குரல் கேட்டது. புதிர் அவிழ்ந்தது. முன்னவர் பேஸை மட்டுமே மாற்றியிருக்கிறார். அம்மையின் விளக்கிலிருந்து திரும்பும் நியூட்ரல் பழையபடி வடபாதிப் பெட்டியிலேயே சேர்ந்திருந்தது.

இதன் விளைவுகளைப் படிப்படியாகக் காண்போம். கருவி ஏன் விழுந்தது? ஆர்.சி.சி.பி. பேஸில் சென்றதையும் நியூட்ரலில் திரும்பியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. வீட்டில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்குள் துண்டிக்கும் வகை. 60 வாட்டு விளக்கின் மின்னோட்டம் ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர். தென்பாதியில் புறப்பட்ட அந்த 260, வடபாதியின் நியூட்ரல் வழியே திரும்புகிறது. வடபாதிக் கருவியின் கணக்கில் அனுப்பாத பணம் வரவாகிறது. கணக்கு ஒவ்வாததால் துண்டித்தது. அது தன் கடமையைத்தான் செய்தது. துண்டித்தவுடன் இரு கம்பிகளும் அறுபடுவதால் அம்மையின் விளக்கும் அணைந்தது.

மெயினை இறக்கிய பின் கறுப்புக் கம்பியில் உயிர் வந்தது எப்படி? அந்த மெயின் சுவிட்சு இரு கம்பிகளையும் துண்டிக்கும் வகை. ஆகவே வடபாதி நியூட்ரல் மின்கம்பத்திலிருந்து பிரிந்து, எதனோடும் சேராமல் தனியே நின்றது. தென்பாதியின் பேஸ், அம்மையின் சுவிட்சையும் விளக்கின் இழையையும் கடந்து வந்து, போக்கிடமின்றி அக்கம்பியில் நின்றது. ஒருவர் கைவைத்தால் அவர் உடலே போக்கிடம். இடையே விளக்கு இருப்பதால் ஆபத்துக் குறையும் என்று கருத வேண்டா: எரியாத இழையின் தடை எரியும்போது உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே, முழு அழுத்தமும் தொட்டவர்மேலேயே விழும். சில பத்து மில்லி ஆம்பியர் மார்பின் வழியே பாய்ந்தால் உயிர் போகலாம். மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்பி வேலை செய்பவரே இதற்கு இரையாவார் என்பதுதான் கொடுமை.

அன்று செய்த வேலை பெரிதன்று. இரு மெயின்களையும் இறக்கி, அம்மையின் அறைக்குத் தென்பாதியிலிருந்து நியூட்ரலும் இழுத்து, பழைய இணைப்பை வெட்டி முனையை மூடினோம். அரை நாள் வேலை. வடபாதியில் ஆர்.சி.சி.பி.யை மீண்டும் மாட்டியபோது அது விழவில்லை.

ஆகவே விளக்கைத் தனியாக்குகையில் வினவ வேண்டியவை இரண்டு: பேஸ் எங்கிருந்து வருகிறது? நியூட்ரல் எங்கே சேர்கிறது? இரண்டுக்கும் விடை ஒரே மீட்டர், ஒரே சுற்று என்று இருத்தல் வேண்டும். ஒரே சுற்றில் உள்ள விளக்குகள் ஒரு நியூட்ரலைப் பொதுவில் ஆளலாம். வேறு சுற்றிலிருந்தோ அயல்வீட்டிலிருந்தோ கடன் வாங்கலாகாது. கம்பி எட்டவில்லை என்று எர்த்தை நியூட்ரலாக ஆளுவோரும் உண்டு. அது அறவே கூடாது; அந்த எர்த்து எங்காவது விட்டுப்போனால் கிணற்றடி மோட்டாரின் இரும்பு உடலில் உயிர் ஏறிவிடும்.

சோதிப்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. இரண்டு பாதியிலும் எல்லா விளக்குகளையும் ஏற்றுக. ஒரு மெயினை இறக்குக. அப்பாதியின் விளக்குகள் யாவும் அணைய வேண்டும். மறுபாதியில் ஒன்றும் அணையக் கூடாது. பிறகு மாற்றிச் செய்க. கடன்பட்ட விளக்கு இதில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். மெயின் பேஸை மட்டும் துண்டிக்கும் வகையாயின் தப்பிவிடும்; அதற்குக் கிளாம்ப் மீட்டர் வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அதன் வாய்க்குள் விட்டால், போனதும் வந்ததும் ஒன்றையொன்று அழித்துச் சுழி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கோ கணக்கு வேறு வீட்டில் எழுதப்படுகிறது.

இதைப் படித்துவிட்டு விடுதி நண்பர்கள் திருப்புளியை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டா. நிலையான வயரிங்கை மாற்றுவது உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. சட்டமும் அவ்வாறே கூறுகிறது. நாம் அறிய வேண்டியது, அவரிடம் என்ன கேட்பது என்பது. விளக்குச் சுற்று ஒன்றுக்குப் பத்து முனைகள் அல்லது 800 வாட்டு என்னும் வரம்புக்குள் வைத்திருக்கிறாரா? சிவப்பு, கறுப்பு, பச்சை நிற ஒழுங்கைக் காத்தாரா? இணைப்புகளை மச்சில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வைத்தாரா? டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்தாரா? எரியாத டெஸ்டர், கம்பியில் உயிரில்லை என்பதற்குச் சான்றன்று. டெஸ்டரிலேயே உயிரில்லாமல் இருக்கலாம். வேலை முடிந்தபின் மெக்கர் கொண்டு காப்புத்தடை பார்க்கச் சொல்லலாம். 50 மெகா ஓமை முனைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவாவது இருக்க வேண்டும் என்பது விதி. இருபது முனை உள்ள வீட்டுக்கு இரண்டரை மெகா ஓம். நம் பக்கத்து மழைக்காலச் சுவர்களில் இந்த எண்ணைக் கேட்பது மிகையன்று.

எங்கும் ஒரு விளக்குக்கு ஒரு சுவிட்சே என்று பிடிவாதம் வேண்டுவதில்லை. மச்சுப்படிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு சுவிட்சுகள் வைத்து ஒரு விளக்கை ஆளுவது நல்ல ஏற்பாடு. அதற்கு மூன்று முனையுள்ள இருவழிச் சுவிட்சுகளும், இரண்டுக்கும் இடையே இரு கம்பிகளும் வேண்டும். அங்கும் பேஸை ஒரு மாடியிலும் நியூட்ரலை மறு மாடியிலும் வெவ்வேறு சுற்றிலிருந்து எடுத்துவிடுவது வழக்கமான தவறு. மேல்மாடி ஒரு மகனுக்கு, கீழ்மாடி மற்றொரு மகனுக்கு என்று நாளை பிரியும்போது, மேலே கூறிய கதை படிக்கட்டில் தொடங்கும்.

எந்தச் சுவிட்சு எந்த விளக்குக்கு, எந்தச் சுற்று எந்த மீட்டரில் என்று ஒரு தாளில் எழுதி மீட்டர்ப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைப்பது மாமாவின் வழக்கம். அந்தத் தாளை அவர் தமிழில் ஒரு பத்தி, மலையாளத்தில் ஒரு பத்தி என்று எழுதச் சொல்வார். இரண்டையும் எழுதுவது என் வேலை.